கன்று நட நல்ல மாதம் எது?

குட்டி நண்பர்களே, உங்கள் பள்ளியில் மரக்கன்று நடும் விழா எந்த மாதம் நடக்கிறது? சென்னையில் பலரும் சொல்லும் பதில், 'ஜூன் 5, உலகச் சுற்றுச்சூழல் தினம்' என்பதுதான். கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும் சமயம் அது. குழி தோண்டி வைத்திருப்பார்கள். சிறப்பு விருந்தினர் கன்றை நடுவார். ஒரு வாளித் தண்ணீர் ஊற்றுவார்கள். எல்லாரும் கை தட்டுவோம். போட்டோவும் எடுத்தாயிற்று!

அந்தக் கன்று அடுத்த ஜூன் மாதம் உயிரோடு இருக்கிறதா? சில இடங்களில் சுற்றி வைத்த கூண்டு மட்டும் நின்றுகொண்டிருக்கும். சில இடங்களில் போன வருடம் தோண்டிய அதே குழியில்தான் இந்த வருடமும் புதுக் கன்று வைக்கிறார்கள்!

மரம் நடுவது நல்ல காரியம். அதில் சந்தேகமே இல்லை. ஆனால், சென்னையில் அதை ஜூன் மாதம் செய்வது சரியில்லை என்பது என் கருத்து. மயிலாப்பூர், தி.நகர், அடையாறு என்று எந்தப் பேட்டைப் பிள்ளைகளாக இருந்தாலும் கன்று நட ஏற்ற மாதம் அக்டோபர்தான். ஏன் என்று கேட்கிறீர்களா?

முதலில் ஜூன் மாதத்தைப் பார்ப்போம். அக்னி நட்சத்திரம் மே கடைசியில் முடிந்துவிடும். வெயில் மட்டும் முடியாது! 2003-ஆம் ஆண்டு மே 31-ஆம் தேதி நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி செல்சியஸ் வெப்பம் பதிவானது. சுற்றுச்சூழல் தினத்துக்குச் சரியாக ஐந்து நாள் முன்பு! ஜூனிலும் மேற்கிலிருந்து அனல் காற்று வீசும். அது பலமாக வீசும் நாளில் கடற்காற்றுகூட மாலை வரை எட்டிப் பார்க்காது.

'ஜூனில் தென்மேற்குப் பருவமழை தொடங்கும் என்று படித்திருக்கிறோமே?' என்று கேட்பீர்கள். தொடங்குவது உண்மைதான், கேரளத்தில் கொட்டும். ஆனால், நடுவில் மேற்குத் தொடர்ச்சி மலை நிற்கிறதே! காற்றில் உள்ள ஈரத்தில் பெரும்பகுதி மலையின் அந்தப் பக்கமே மழையாக இறங்கிவிடுகிறது. நம் பக்கம் வருவது பெரும்பாலும் வறண்ட காற்று. சென்னையில் சராசரியாக ஜூன் மாதம் முழுவதும் 10 செ.மீ. மழைகூடப் பெய்வதில்லை.

அக்டோபரில் காற்று திசை மாறும். வடகிழக்கிலிருந்து வங்கக் கடலைக் கடந்து, ஈரத்தை அள்ளிக்கொண்டு நேராக நம் வாசலுக்கு வரும். நவம்பரில் மட்டும் சராசரியாக 35 செ.மீ.க்கு மேல் மழை பெய்கிறது. சென்னையின் ஓராண்டு மழை சுமார் 140 செ.மீ. அதில் பாதிக்கு மேல் அக்டோபர், நவம்பர், டிசம்பர் ஆகிய மூன்றே மாதங்களில் பெய்துவிடுகிறது!

அப்படியானால் ஜூன் 5 எங்கிருந்து வந்தது? 1972-ஆம் ஆண்டு ஸ்வீடன் நாட்டின் ஸ்டாக்ஹோம் நகரில், சுற்றுச்சூழல் பற்றி ஐக்கிய நாடுகள் சபை ஒரு மாநாடு நடத்தியது. அது தொடங்கிய நாள் ஜூன் 5. அந்த நாளையே உலகச் சுற்றுச்சூழல் தினமாக அறிவித்தார்கள். ஸ்டாக்ஹோம் வடக்கே வெகு தூரத்தில் இருக்கும் ஊர். அங்கே ஜூனில் பகல் 18 மணி நேரம் நீளும். வெப்பம் 20 டிகிரி அளவில் இதமாக இருக்கும். தோட்ட வேலைக்கு அதைவிட நல்ல காலம் அவர்களுக்குக் கிடையாது. நமக்கோ அது வியர்வையில் சட்டை நனையும் காலம்!

நம் நாட்டிலும் ஒரு மரம் நடும் விழா உண்டு. அதன் பெயர் வன மகோத்சவம். மத்திய அமைச்சராக இருந்த கே.எம். முன்ஷி 1950-ஆம் ஆண்டு ஜூலையில் தொடங்கி வைத்தார். மும்பையிலும் இந்தியாவின் பெரும்பகுதியிலும் ஜூலையில் நல்ல மழை பெய்யும். அவர்களுக்கு அது சரியான மாதம். அதையே நாமும் அப்படியே பின்பற்றினால் எப்படி?

நம் முன்னோர்கள் நம் ஊர் வானத்தைப் பார்த்துத்தான் பேசினார்கள். ஐப்பசியில் அடைமழை என்பார்கள். ஐப்பசி, அக்டோபர் நடுவில் பிறக்கிறது. 'ஆடிப்பட்டம் தேடி விதை' என்றும் சொல்வார்களே என்கிறீர்களா? அது விதைக்குச் சொன்னது. ஆடி, ஆவணியில் சென்னையில் சாயங்கால இடி மழை சில நாள் பெய்யும். மொட்டை மாடித் தொட்டியில் அவரை, வெண்டை, கத்தரி விதைக்க அது போதும். தரையில் நடும் மரக்கன்றுக்குப் போதாது.

நர்சரியில் வாங்கும் கன்றின் வேர், பைக்குள் ஒரு சாண் அளவுதான் இருக்கும். அந்த வேர் கீழே இறங்க ஈர மண் வேண்டும். அக்டோபரில் நட்டால் இரண்டரை மாதம் மழை கிடைக்கும். பொங்கலுக்குள் வேர் ஊன்றிவிடும். அடுத்து வரும் அக்னி நட்சத்திரத்தைத் தாங்கும் பலம் அதற்கு வந்திருக்கும். ஜூனில் நட்ட கன்றோ, நான்கு மாதம் நம் கையை எதிர்பார்த்து நிற்க வேண்டும். சனி, ஞாயிறு யார் தண்ணீர் ஊற்றுவது? 2019-ஆம் ஆண்டு ஜூனில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள் ஏறக்குறைய வற்றிப்போயின. ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் குடிதண்ணீர் வந்தது. குடிக்கவே இல்லாதபோது கன்றுக்கு எங்கே போவது?

'அக்டோபருக்குப் பிறகு புயல் வருமே!' என்று சிலர் சொல்லலாம். நியாயமான கேள்விதான். 2016 டிசம்பர் 12-ஆம் தேதி வர்தா புயலில் சென்னையில் ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. ஆனால், சின்னக் கன்றுக்கு அவ்வளவு ஆபத்து இல்லை. பக்கத்தில் ஒரு குச்சி ஊன்றித் தளர்வாகக் கட்டினால் வளைந்து கொடுத்துத் தப்பித்துவிடும். தண்ணீர் தேங்கும் பள்ளத்தில் மட்டும் எல்லாக் கன்றையும் நடாதீர்கள். அங்கே ஈரத்தைத் தாங்கும் நீர்மருது நடலாம். மேட்டில் வேம்பு, புங்கன், பூவரசு நடலாம். கடலோரம் என்றால் புன்னை. மயிலாப்பூர் கபாலீஸ்வரர் கோயிலின் தலமரமே புன்னைதான். உப்புக் காற்றுக்கு அது அசராது.

விழாவுக்கு ஒரு நாள் வேண்டுமா? இருக்கவே இருக்கிறது அக்டோபர் 15! மரம் நடச் சொல்லி ஊர் ஊராகப் பிள்ளைகளைக் கேட்டுக்கொண்ட அப்துல் கலாம் பிறந்த நாள் அது. வடகிழக்குப் பருவமழை வழக்கமாகத் தொடங்குவது அக்டோபர் 20 வாக்கில். காலாண்டுத் தேர்வும் முடிந்திருக்கும். மழை வரும் வரை சில நாள் மட்டும் நாம் தண்ணீர் ஊற்றினால் போதும். மீதியை வானம் பார்த்துக்கொள்ளும்.

அப்போது ஜூன் 5-ஐ விட்டுவிடலாமா? வேண்டாம்! அன்று இரண்டு வேலை செய்யலாம். ஒன்று, போன அக்டோபரில் நட்ட கன்றுகளில் எத்தனை பிழைத்தன என்று எண்ணி, அறிவிப்புப் பலகையில் எழுதுங்கள். வாடியவற்றின் அடியில் சருகு பரப்பித் தண்ணீர் ஊற்றுங்கள். இரண்டு, விதை சேகரியுங்கள். வேப்பம்பழமும் நாவல்பழமும் கிடைக்கும் காலம் அது. இந்த விதைகளை வெகு நாள் வைத்திருந்தால் முளைக்காது. எனவே உடனே தொட்டியில் ஊன்றிவிடுங்கள். அக்டோபருக்குள் அவை சின்னதாகத்தான் வளர்ந்திருக்கும். இன்னொரு வருடம் தொட்டியிலேயே வளர்த்து, அடுத்த ஐப்பசியில் தரையில் நடுங்கள். கடையில் வாங்கவே வேண்டாம்.

எத்தனை கன்று நட்டோம் என்று கணக்குச் சொல்வதில் பெருமை இல்லை. எத்தனை மரமானது என்பதுதான் கணக்கு. நட்ட கன்று ஒவ்வொரு வருடமும் காய்ந்து போவதைப் பார்த்துக்கொண்டே இருந்தால், 'இதெல்லாம் போட்டோவுக்குத்தான்' என்று உங்களுக்கே தோன்றிவிடும். அப்படித் தோன்றக்கூடாது என்பதுதான் என் கவலை.

நாளைக்கே உங்கள் வகுப்பு ஆசிரியரிடம் மரியாதையாகக் கேட்டுப் பாருங்கள்: 'சார், டீச்சர், இந்த வருடம் அக்டோபரில் நடலாமா?' என்று. காரணத்தையும் சொல்லுங்கள். நுங்கம்பாக்கத்து மழைக் கணக்கு உங்கள் பக்கம் இருக்கிறது!