பெட்டியில் அச்சடித்த எண்ணை நம்பாதீர்கள்

பழைய நெகட்டிவ்களையும் ஸ்லைடுகளையும் டிஜிட்டலாக்க ஸ்கேனர் வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது, பல நேரம் கடைசியாகவும் கேட்பது, “எத்தனை டிபிஐ?” என்பதைத்தான். 4000 என்றால் உதட்டைப் பிதுக்குகிறார்கள். 7200 என்றால் முகம் மலர்கிறது. 10,000 என்றால் பர்ஸ் தானாகத் திறந்துகொள்கிறது. எண் ஏற ஏறப் படம் தெளிவாகும் என்பது விற்பவர், வாங்குபவர், ஸ்கேன் செய்து கொடுக்கும் லேப்காரர் மூவரும் ஓதும் வேதமாகிவிட்டது. அந்த வேதத்தில் உண்மை கொஞ்சம், விற்பனைத் தந்திரம் அதிகம்.

டிபிஐ என்பது, ஓர் அங்குல நீளத்தில் எத்தனை புள்ளிகளில் ஸ்கேனர் அளவெடுக்கிறது என்ற கணக்கு. எடுத்த புள்ளிகளில் உண்மையான விவரம் எவ்வளவு என்று அது சொல்லாது. அதைத் தீர்மானிப்பவை உள்ளே இருக்கும் லென்ஸ், அதன் ஃபோகஸ், ஃபிலிம் வளையாமல் நிற்கும் விதம், மோட்டார் நகரும் சீர். வாளியைப் பெரிதாக்கினால் கிணற்றில் தண்ணீர் ஊறிவிடாது.

இதைச் சோதிக்க யுஎஸ்ஏஎஃப் 1951 என்றொரு பழைய அட்டை இருக்கிறது. போகப்போக நெருங்கிக்கொண்டே செல்லும் கோடுகள் அதில் உண்டு. எந்த இடத்தில் கோடுகள் ஒன்றோடொன்று குழைகின்றனவோ, அங்கே ஸ்கேனரின் சாயம் வெளுத்துவிடும். நிக்கான் சூப்பர் கூல்ஸ்கேன் 5000 தன் பெட்டியில் 4000 என்று போட்டுக்கொண்டது. சோதனையில் ஏறக்குறைய 3900 வரை தந்தது. பிளஸ்டெக் ஆப்டிக்ஃபிலிம் 8100 போட்டுக்கொள்வது 7200; தருவது பாதியை ஒட்டித்தான். எப்சன் வி600 என்ற பிளாட்பெட் 6400 என்கிறது. கிடைப்பது 1500 சொச்சம். பெட்டியை மட்டும் பார்த்து வரிசைப்படுத்துபவர் இந்த மூன்றில் கடைசி இடத்தைக் கூல்ஸ்கேனுக்குக் கொடுப்பார். உண்மையில் முதலிடம் அதற்கே.

டிபிஐக்கு அடுத்த மாயம் டி-மேக்ஸ். படத்தின் கருமையான பகுதிக்குள் எவ்வளவு தூரம் ஸ்கேனரால் பார்க்க முடியும் என்பதைக் குறிக்கும் எண் அது. கூல்ஸ்கேன் 5000-க்கு 4.8 என்றும், அதன் தம்பியான கூல்ஸ்கேன் வி மாடலுக்கு 4.2 என்றும் சொன்னார்கள். முன்னது 16 பிட், பின்னது 14 பிட். இரண்டின் 16 மடி 65,536. அதற்கு மடக்கை எடுத்தால் 4.8 வரும். 14 மடிக்கு எடுத்தால் 4.2. நல்ல கருவி என்று நானே மேலே புகழ்ந்த கூல்ஸ்கேனின் விளம்பரத்திலும் கால்குலேட்டரில் கிடைக்கும் எண்தான் நிற்கிறது. உண்மையில் கருமைக்குள் பார்க்கும் திறன் முக்கியம்தான், ஆனால் அது முக்கியமாகத் தேவைப்படுவது ஸ்லைடுக்கு. நெகட்டிவின் அடர்த்தி ஸ்லைடை விடக் குறைவு. வீட்டில் வெறும் கலர் நெகட்டிவ் வைத்திருப்பவர் இந்த எண்ணுக்காகக் கூடுதல் காசு கொடுப்பது வீண்.

“அதிகமாக இருந்தால் என்ன கெட்டுப்போகிறது? ஹார்டு டிஸ்க் மலிவுதானே?” என்பார்கள். இதில் ஒரு நியாயம் இருப்பதை ஒப்புக்கொள்கிறேன். பிளஸ்டெக் போன்ற கருவியில் அந்தப் பாதி அளவு தெளிவை முழுதாகக் கறக்க, 7200-இல் ஸ்கேன் செய்து பிறகு பாதியாகச் சுருக்குவதே சரி. ஆனால் சுருக்க யாருக்கு மனம் வருகிறது? 24-க்கு 36 மில்லிமீட்டர் சட்டம் 7200-இல் சுமார் 69 மெகாபிக்சல் ஆகும். 48 பிட் டிஃப் ஃபைலாக வைத்தால் 400 எம்பிக்கு மேல். 36 படமுள்ள ஒரே ஒரு ரோல் 15 ஜிபி. அந்தப் பிக்சல்களில் நாலில் மூன்று பங்கு புதிதாக எதையும் சொல்லாதவை. வட்டில் இடம் போகட்டும். ஒரு படத்துக்குப் பல நிமிடம் காத்திருப்பதைத் திரும்ப வாங்க முடியுமா?

படத்துக்கே ஓர் எல்லை உண்டு என்பதையும் யாரும் நினைப்பதில்லை. பெரும்பாலான குடும்பப் படங்கள் சாதாரண காம்பாக்ட் கேமராவில், கையில் பிடித்து எடுத்தவை. கை நடுங்கியதையும் ஃபோகஸ் தவறியதையும் எந்த ஸ்கேனரும் திருத்தாது. உண்மையான 2400 டிபிஐ கிடைத்தாலே 7.7 மெகாபிக்சல், 4கே டிவியின் முழுத்திரை 8.3தான். உண்மையான 4000 கிடைத்தால் 12-க்கு 18 அங்குலப் பிரிண்ட் கூர்மையாக வரும்.

அப்படியானால் எதை வைத்து மாடல்களை ஒப்பிடுவது? முதலில் தூசி. கலர் ஃபிலிமின் சாயங்கள் அகச்சிவப்பு ஒளியைப் பெரும்பாலும் ஊடுருவ விடும்; தூசியும் கீறலும் மறிக்கும். அந்த நிழலைத் தனியாகப் பதிந்து கறைகளை நீக்குவதுதான் டிஜிட்டல் ஐஸ் போன்ற நுட்பங்கள். ஆப்டிக்ஃபிலிம் 8100-இல் அகச்சிவப்பு கிடையாது, 8200i-இல் உண்டு. இரண்டுக்கும் பெட்டியில் அதே 7200! ஆயிரம் படங்களைக் கையால் துடைத்துத் துடைத்துத் திருத்துவதா, கருவியிடம் விடுவதா என்ற பெரிய வேறுபாட்டை டிபிஐ மறைத்துவிடுகிறது. வழக்கமான கறுப்பு வெள்ளை ஃபிலிமில் வெள்ளியே அகச்சிவப்பை மறிப்பதால் இந்த வசதி அங்கே எடுபடாது. கறுப்பு வெள்ளைக்காக மட்டும் வாங்குபவர் இதற்குப் பணம் கொடுக்க வேண்டாம்.

அடுத்தது ஃபிலிமின் அளவு. நம் ஊர் ஸ்டுடியோக்காரர்கள் ஒரு காலத்தில் கல்யாணங்களை எடுத்தது 120 ஃபிலிமில். அந்தச் சதுர நெகட்டிவ் ஆப்டிக்ஃபிலிமுக்குள் நுழையவே நுழையாது. 35 மில்லிமீட்டருக்குச் சுமாரான பிளாட்பெட் இதற்கு நன்றாகவே போதும். எப்சன் வி700 தரும் உண்மையான 2300 டிபிஐயிலேயே 25 மெகாபிக்சல் கிடைத்துவிடும், ஏனென்றால் நெகட்டிவ் பெரிது. பிறகு வேகம்: கூல்ஸ்கேன் 5000-உடன் எஸ்எஃப்-210 ஃபீடரைச் சேர்த்தால் 50 ஸ்லைடுகளை அடுக்கிவிட்டு வேறு வேலை பார்க்கலாம். ஆனால் அந்த மாடல் உற்பத்தி நின்று பல வருடமாகிறது. செகண்ட் ஹேண்டில் வாங்குபவர் பழுதுபார்க்க ஆள் உண்டா, தன் கம்ப்யூட்டரில் வியூஸ்கேன் போன்ற மென்பொருளோடு ஓடுமா என்று முதலில் பார்க்க வேண்டும்.

டிபிஐ மோகத்தின் உண்மையான கேடு பணநஷ்டம் அல்ல. பெரிய எண்ணில் தொடங்கியவர் பத்துப் படத்தில் சலித்துப்போகிறார். இன்னும் பெரிய எண்ணுக்குக் காத்திருப்பவர் தொடங்குவதே இல்லை. அதற்குள் நம் வெக்கையிலும் ஈரத்திலும் பூஞ்சை ஜெலட்டினைத் தின்கிறது, சாயங்கள் மங்குகின்றன, அசிடேட் ஃபிலிம் வினிகர் நாற்றமடித்துச் சுருள்கிறது. போன சாயத்தை எந்த மாடலாலும் முழுதாக மீட்க முடியாது. ஆகவே கடையில் கேட்க வேண்டியவை இவைதான்: சோதனையில் நிரூபித்த டிபிஐ எவ்வளவு, என் ஃபிலிம் இதில் நுழையுமா, அகச்சிவப்பு உண்டா, ஒரு படத்துக்கு எத்தனை நிமிடம்? இந்த நான்குக்கும் பதில் சொல்லாமல் பெட்டியில் உள்ள எண்ணையே காட்டுகிறவரிடம் பணத்தைக் கொடுக்காதீர்கள்.