முட்டுச்சந்து தர்மம்

எங்கள் தெருவை முட்டுச்சந்து என்று சொன்னால் எங்கள் தெருக்காரர்களுக்கு முகம் சுண்டிவிடுகிறது. விலாசத்தில் 'மூன்றாவது குறுக்குத் தெரு' என்றுதான் எழுத வேண்டுமாம். எழுதுகிறேன், அதற்கென்ன? பெயரை மாற்றிவிட்டால் தெருக்கோடியில் வழி திறந்துவிடுமா? நுழைந்த வழியே திரும்பிவர வேண்டிய தெருவுக்கு நம் பாஷையில் முட்டுச்சந்து என்றுதான் பெயர். அதில் இழிவு ஒன்றும் இல்லை. இழிவு இருப்பது வேறோரிடத்தில். அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

இதைப் பேச எனக்கு என்ன யோக்கியதை என்று கேட்பீர்கள். நான் இரண்டு முட்டுச்சந்துகளில் வாழ்ந்தவன். பிள்ளைப் பிராயமும் வாலிபமும் திண்டிவனத்தில், ஓர் அரிசி மில்லின் பின்சுவரோடு முடிந்துபோகும் சந்தில் கழிந்தன. பிறகு 22 வருஷமாக விழுப்புரத்தில், வயலாக இருந்து மனையாக மாறிய நிலத்தில், 23 அடி அகலத் தெருவில் வாசம்.

இரண்டு ஊருக்கும் நடுவே 40 கிலோமீட்டர்கூட இராது. இரண்டும் வழிகளால் பிழைக்கிற ஊர்கள். விழுப்புரம் ஜங்ஷனில் ஐந்து திசைக்கு ரயில் பிரிகிறது: சென்னைக்கு, மயிலாடுதுறைக்கு, விருத்தாசலம் வழியாகத் திருச்சிக்கு, திருவண்ணாமலை வழியாகக் காட்பாடிக்கு, புதுச்சேரிக்கு. திண்டிவனமோ, சென்னையிலிருந்து தெற்கே வருகிற பெருஞ்சாலையிலிருந்து புதுச்சேரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் கிளை பிரிகிற இடம். போகிறவனும் வருகிறவனும் இல்லையென்றால் இந்த ஊர்களில் டீக்கடை ஏது, சத்திரம் ஏது, வியாபாரம்தான் ஏது? இப்படிப்பட்ட ஊரில் இருந்துகொண்டு வழியை மறிக்கும் ஆசை எப்படி வருகிறது என்பதுதான் எனக்கு விளங்காத வேடிக்கை.

முட்டுச்சந்தில் வாழ்வது சுகமா, கஷ்டமா என்றால் இரண்டும்தான். அந்நிய வண்டி வராது. பிள்ளைகள் நடுத்தெருவில் கோலியிலிருந்து கிரிக்கெட் வரை ஆடலாம். மார்கழியில் போடும் கோலம் வாசலைத் தாண்டி எதிர்வீட்டுக் கோலத்தோடு போய்க் கை கோத்துக்கொள்ளும். ஊருக்குப் போகிறவர்கள் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு நிம்மதியாகப் போகலாம். ஒரு வீட்டில் சாவு விழுந்தால் அந்த வீட்டு அடுப்பு எரியாத குறை தெரியாது. மற்ற வீடுகளிலிருந்து காபியும் சாப்பாடும் வந்துகொண்டே இருக்கும்.

கஷ்டமும் அதே இடத்திலிருந்துதான் வருகிறது. ஒருவர் வீடு கட்டினால் மணலும் ஜல்லியும் எல்லோர் காலையும் வாரும். ஒருவர் வீட்டுக் கல்யாணப் பந்தல் மற்ற அத்தனை பேர் வண்டியையும் சிறை வைக்கும். ஒருவர் குழாயில் மோட்டாரை வைத்து உறிஞ்சினால் அடுத்த வீட்டுக் குழாய் வெறும் காற்றை ஊதும். மழைக்குப் பயந்து ஒருவர் வாசலை உயர்த்துவார்; தண்ணீர் அடுத்த வாசலுக்குப் போகும்; அவரும் உயர்த்துவார். முடிவில் கோடி வீட்டுக்காரர் குளத்தில் குடியிருப்பார். சண்டை பிடித்துக்கொண்டு வேறு வழியாகப் போய்விடலாமென்றால், வேறு வழியே கிடையாது! மறுநாள் காலையில் அதே முகத்தில்தான் விழித்தாக வேண்டும். ஆகையால் எப்படியாவது சமாதானமாகிவிடுகிறோம். முட்டுச்சந்து வாழ்வின் நல்லதெல்லாம் இந்த நிர்ப்பந்தத்தில் விளைந்தது. கோடியிலுள்ள சுவரில் விளைந்ததல்ல. இந்த வித்தியாசம் எங்கள் தெருவுக்குப் புரியவில்லை. சுவர்தான் நன்மை செய்கிறது என்று நினைத்துக்கொண்டு, இப்போது தெரு முகப்பிலும் ஓர் இரும்புக் கதவு போடக் கிளம்பியிருக்கிறார்கள்.

மனுவோடு என்னிடம் வந்தார்கள். "சார், நீங்க எழுதுறவரு. நாலு வரி நல்லா எழுதிக் குடுத்துடுங்க. ராத்திரி ஒன்பது மணிக்குப் பூட்டிட்டா நிம்மதியாத் தூங்கலாம்" என்றார் பக்கத்து வீட்டுக்காரர்.

"யாரைத் தடுக்கணும்?" என்று கேட்டேன்.

"கண்டவங்க வராங்க சார்."

இந்தக் 'கண்டவங்க' யார் என்று 22 வருஷமாக நானும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். விடிவதற்குள் கீரைக் கூடையோடு வருகிற அம்மாள். மாலையில் பூக்காரி. பழைய பேப்பர்காரர். நம் வீட்டுக் குப்பையை அள்ளிப்போக வருகிற பெண்கள். எல்லாருக்கும் மேலாக, சுவருக்கு அப்பால் இருக்கிற குடியிருப்பின் பிள்ளைகள். இவர்களில் யாரும் இல்லாமல் எங்கள் தெருவில் ஒரு நாள் பொழுது விடியாது. ஆனாலும் இவர்கள் கண்டவர்கள். தவணையில் வாங்கிய காரைத் தெருவில் நிறுத்தி, அடுத்தவன் வாசலை மறிக்கிற நாம் மட்டும் கனவான்கள்!

அந்தச் சுவரின் கதையையும் சொல்ல வேண்டும். நான் குடிவந்தபோது அது இல்லை. தெரு முடிகிற இடத்தில் வாய்க்கால், வாய்க்காலுக்கு மேல் ஒரு பாலக்கல், அதற்கு அப்பால் குடியிருப்பு. அந்த ஜனங்கள் கல்லைத் தாண்டி எங்கள் தெரு வழியாக நடந்துதான் பஸ்ஸுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போனார்கள். எங்கள் தெரு வளர்ந்து, மாடி ஏறி, கௌரவம் வந்ததும் வசூல் செய்து சுவர் எழுப்பினார்கள். நான் பணம் தரவில்லை. அதனால் இரண்டு வருஷம் எங்கள் வீட்டுக்குக் கொலு அழைப்பு வரவில்லை. யாராவது சுவரை இடித்துவிடக் கூடாதே என்று அதில் ஒரு மாடம் வைத்து, தெருக்குத்துக்குப் பரிகாரம் என்று பிள்ளையாரையும் உட்கார வைத்துவிட்டார்கள். விக்கினங்களை நீக்குகிற தெய்வம் என்று உலகம் முழுவதும் கும்பிடுகிற பிள்ளையாரையே விக்கினமாக உட்கார வைத்த பெருமை எங்கள் தெருவுக்கே உரியது. அன்றிலிருந்து அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் லாரி ஓடுகிற பெரிய ரோட்டைச் சுற்றிக்கொண்டு பள்ளிக்கூடம் போகின்றன.

2024 நவம்பர் 30-ஆம் தேதி இரவு பெஞ்சல் புயல் புதுச்சேரியருகே கரை கடந்தது. இங்கேயிருந்து திண்டிவனம் போகும் வழியில் உள்ள மயிலத்தில் மட்டும் 24 மணி நேரத்தில் 51 சென்டிமீட்டர் மழை. வந்த வெள்ளம் எங்கள் தெருவுக்குள் நுழைந்தது. வெளியே போக வழியில்லை. மனிதனைத் தடுக்கக் கட்டிய சுவர் தண்ணீரையும் தடுத்தது. கோடி வீட்டுக் கிழவியை நாற்காலியோடு மாடிக்குத் தூக்கினோம். அந்த நேரத்தில், கூக்குரல் கேட்டு, சுவருக்கு அந்தப் பக்கமிருந்து நான்கு வாலிபர்கள் கடப்பாரையோடு வந்தார்கள். பிள்ளையாருக்குச் சேதமில்லாமல் சுவரின் அடியில் ஓட்டை போட்டார்கள். தண்ணீர் வாய்க்காலில் இறங்கியது. அன்றைக்கு அந்தப் பையன்கள் தம்பிகளாகவும் தெய்வங்களாகவும் இருந்தார்கள். தை பிறந்தால் வழி பிறக்கும் என்பது நம் நாட்டு நம்பிக்கை. எங்கள் தெருவில் தை பிறந்ததும் சிமெண்டு வாங்கிவந்து ஓட்டையை அடைத்தார்கள்! நேற்றைய தம்பிகள் இன்றைக்கு மறுபடியும் கண்டவர்கள்.

இது ஏதோ எங்கள் தெருவின் தனிப் புத்தி என்று எண்ணிவிடாதீர்கள். மதுரை மாவட்டத்து உத்தப்புரத்தில் 1989-இல் ஒரு சாதி, இன்னொரு சாதியின் தெருக்களை முட்டுச்சந்தாக்கி நீளச் சுவர் எழுப்பியது. 2008 மே 6-ஆம் தேதி அதில் ஒரு சிறு பகுதியை அதிகாரிகள் இடித்து வழி விட்டபோது, சுவர்க்காரர்கள் அவமானம் என்று வீட்டைவிட்டு மலையடிவாரத்தில் போய்க் குடியேறினார்கள். மேட்டுப்பாளையத்தை அடுத்த நடூரில் ஒரு வீட்டின் உயர்ந்த மதில், 2019 டிசம்பர் 2-ஆம் தேதி மழையில் சரிந்து, அதன் ஓரத்துக் குடிசைகளில் தூங்கிக்கொண்டிருந்த 17 பேரைக் கொன்றது. சுவருக்கு எந்தப் பக்கம் யார் இருந்தார்கள் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. நம் விழுப்புரம் மட்டும் என்ன? 1978 ஜூலையில் இந்த ஊரில் 12 தலித் மக்கள் கொல்லப்பட்டார்கள். அவர்களைக் கொன்றவர்கள் கடல் கடந்து வந்த சத்துருக்களல்ல. கடைவீதியில் தினம் எதிர்ப்பட்டவர்கள். அந்த ரத்தம் உலர்ந்த ஊரில் கதவு போடக் கிளம்புகிறவர்கள் பத்துத் தடவை யோசிக்க வேண்டாமா?

"இங்கிலீஷ்காரன் ஊரிலேயும் இப்படித்தானே தனித் தெருவாக இருக்கிறது" என்று ஒருவர் எனக்குப் பாடம் சொன்னார். அவனும் செய்து பார்த்துவிட்டான், ஐயா. ஆக்ஸ்போர்டில் கட்ஸ்லோ என்ற இடத்தில், நகரசபைக் குடியிருப்புத் தொழிலாளிகள் தங்கள் தெரு வழியே நடக்கக் கூடாதென்று சொந்த வீட்டுக்காரர்களுக்காக 1934-இல் தெருவின் குறுக்கே முள் வைத்த சுவர்கள் எழும்பின. இடித்துத் தள்ள 1959 வரை ஆயிற்று. அத்தனை வருஷமும் நியாயம் பேசிய அந்தச் சுவரைக் கல்விமான்களின் ஊர் இன்று தன் வெட்கமாகச் சொல்லிக்கொள்கிறது.

அமெரிக்காவில் 1929-இல் ராட்பர்ன் என்ற ஊரைக் கட்டியவர்கள் நம்மைவிடக் கெட்டிக்காரர்கள். மோட்டார் காரிலிருந்து பிள்ளைகளைக் காப்பாற்ற வேண்டுமென்று தெருக்களை வேண்டுமென்றே முட்டுச்சந்தாகப் போட்டார்கள். ஆனால் வீடுகளின் மறுபக்கத்தில் நடைபாதை வைத்து, அதைப் பூங்காவோடும் பள்ளிக்கூடத்தோடும் சேர்த்துவிட்டார்கள். அதாவது காருக்குத்தான் முட்டு, காலுக்கு இல்லை. நாம் அதைத் தலைகீழாக்கியிருக்கிறோம். எங்கள் தெருவுக்குள் லாரி வரலாம், கார் வரலாம். பள்ளிக்கூடப் பை சுமந்த பிள்ளை மட்டும் வரக் கூடாது.

ராட்பர்னுக்குப் போவானேன்? என் திண்டிவனத்துச் சந்தில் இதே தர்மம் இருந்தது. மில் சுவர் ஓரத்தில், ஒரு மனிதன் ஒருக்களித்துப் போகிற அளவு இடைவெளி விட்டு, நடுவில் ஒரு கல் நட்டிருந்தார்கள். மாட்டு வண்டி நுழையாது. மனிதன் நுழைவான், ஏரிக்கரைக்குப் போவான். அந்தக் கல்லை நட்டவர்கள் நகரமைப்புப் படித்தவர்களல்ல. நெல் மூட்டை தூக்கியவர்கள். அவர்களுக்குத் தெரிந்தது நமக்குத் தெரியவில்லை.

திருட்டுப் பயம் என்கிறீர்கள். வாஸ்தவம், எனக்கும் பயம் உண்டு. ஆனால் கதவைத் திறந்துகொண்டுதான் வருவேன் என்று எந்தத் திருடனும் சத்தியம் செய்யவில்லையே! ஆள் நடமாட்டமுள்ள தெருவுக்கு அவன் பயப்படுவான்; பூட்டிக் கிடக்கிற தெருதான் அவனுக்குச் சௌகரியம். நடுராத்திரியில் ஒருவருக்கு மாரடைத்து ஆம்புலன்ஸ் வந்து கதவுக்கு வெளியே நிற்கும்போது, சாவி யார் தலையணைக்கு அடியில் இருக்கும்?

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். அங்கீகாரம் பெற்ற மனைப்பிரிவில் சாலைகள் உள்ளாட்சிக்குத் தானமாக எழுதிக் கொடுக்கப்பட்டவை. நம் பத்திரத்தில் இருப்பது மனை மட்டும், தெரு இல்லை. சாதியையோ மதத்தையோ காரணம் காட்டி எந்தப் பிரஜையையும் பொதுச் சாலையில் தடுக்கக் கூடாது என்று அரசியல் சாசனத்தின் 15-ஆவது ஷரத்து சொல்கிறது. 1924-இல் வைக்கத்தில் பெரியார் சிறை போனது கோவிலுக்குள் நுழைய அல்ல. கோவிலைச் சுற்றிய தெருவில் எல்லோரும் நடக்க. நூறு வருஷம் கழித்தும் நாம் அதே தெருவில்தான் நிற்கிறோமா?

சட்டம் வேண்டாம், பக்தி போதும் என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. நம் தெருவில் சனிக்கிழமை தவறாமல் பஜனை நடக்கிறது. 2019 வரை நம் மாவட்டத்திலேயே இருந்த திருக்கோவிலூரின் கதை அவர்களுக்குத் தெரியும். கொட்டுகிற மழையில் முதலாழ்வார் ஒதுங்கிய இடைகழி ஒருவர் படுக்கத்தான் காணும். இரண்டாமவர் கதவைத் தட்டினார். எழுந்து இருவரும் உட்கார்ந்தார்கள். மூன்றாமவர் தட்டினார், மூவரும் நின்றார்கள். நான்காவதாக நெருக்கிக்கொண்டு வந்தவன் பெருமாள். முதலில் வந்தவர் உள்ளே தாழ் போட்டுக்கொண்டு, "கண்டவர்கள் வருகிறார்கள்" என்று மனு எழுதியிருந்தால் பெருமாள் மழையில் நனைந்திருப்பார். எங்கள் தெரு இடைகழியல்ல. 23 அடி அகலம்.

ஆகவே நான் கையெழுத்துப் போட மாட்டேன். மனு எழுதித்தான் ஆக வேண்டுமென்றால் வேறொன்று எழுதித் தருகிறேன். இரும்புக் கதவுக்கு வசூலித்த பணத்தில் கோடிச் சுவரில் மூன்றடி வாசல் திறப்போம். நடுவே ஒரு கல் நடுவோம், வண்டி வராது. வாய்க்காலுக்கு மேல் பாலக்கல்லைத் திரும்பப் போடுவோம். அடியில் தண்ணீருக்கும் ஒரு வழி விடுவோம். அடுத்த புயல் நம்மைக் கேட்டுக்கொண்டு வராது. பிள்ளையாரை எடுத்து அந்த வாசலின் ஓரத்தில் வைப்போம். காலையில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் பரீட்சைக்கு முன்னால் அவருக்கு இரண்டு தோப்புக்கரணம் போட்டுவிட்டுப் போகட்டும். சுவரைக் காத்துக்கொண்டிருப்பதைவிட அந்த உத்தியோகம் அவருக்கும் பிடிக்கும்.