அணைய மறுக்கும் சிவப்பு விளக்கு

"காரில் கூலண்ட் விளக்கு அடிக்கடி எரியுது. தண்ணி ஊத்தினா ரெண்டு நாள் சும்மா இருக்கு, மறுபடி எரியுது. என்ன செய்யலாம்?" என்று கேட்கிறார் ஒரு வாசகி.

சகோதரி, ஆவி அடங்காத குக்கரைத் திறப்பீர்களா? சூடான ரேடியேட்டரும் அப்படித்தான். மூடியைத் திருகினால் கொதிநீர் முகத்தில் பீறிட்டு அடிக்கும். வண்டியை ஓரங்கட்டி, எஞ்சினை நிறுத்தி, அரை மணிக்கு மேலேயே ஆற விடுங்கள். தப்பித் தவறிக் கையைச் சுட்டுக்கொண்டால் 20 நிமிடம் குழாய்த் தண்ணீரில் காட்டுங்கள். இங்க், மாவு எதுவும் வேண்டாம்.

ஆறிய பிறகு ரிசர்வ் டப்பாவைப் பாருங்கள். மட்டம் சரியாக இருந்தும் விளக்கு எரிந்தால் சென்ஸார் கெட்டிருக்கலாம். மட்டம் இறங்கிக்கொண்டே போனால் ஹோஸ், ரேடியேட்டர், வாட்டர் பம்ப் எங்காவது கசிவு. கீழே சொட்டு இல்லை, ஆனால் வெள்ளைப் புகை, எஞ்சின் ஆயில் பால் காப்பி நிறம் என்றால் ஹெட் கேஸ்கெட் போயிருக்கலாம். அதற்கப்புறம் ஓட்டாதீர்கள், மெக்கானிக்கை வரவழையுங்கள். போர் தண்ணீர் உள்ளே உப்பாகப் படியும். வண்டிப் புத்தகத்தில் சொன்ன கூலண்ட்தான் சரி.

முக்கியமாக ஒன்று. பெரும்பாலான கூலண்டில் எத்திலீன் கிளைக்கால் உண்டு. இனிக்கும், ஆனால் சிறுநீரகத்தையே கெடுக்கும் விஷம். மிச்சத்தை ஜூஸ் பாட்டிலில் ஊற்றி வைக்காதீர்கள். குழந்தை வாய் வைத்துவிட்டால், 'நல்லாத்தானே விளையாடுது' என்று காத்திராமல், டப்பாவையும் எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.