இரண்டு நாள் சுவிட்சர்லாந்து

கொடைக்கானலில் இருந்து மேற்கே சுமார் 35 கிலோமீட்டர் போனால் மன்னவனூர். பூம்பாறை தாண்டி, வளைந்து வளைந்து போகிற சாலை. இந்த ஊருக்கு இணையத்தில் வேறு பெயர்கள் இருக்கின்றன. தமிழ்நாட்டின் சுவிட்சர்லாந்து என்கிறார் ஒருவர். இல்லையில்லை, நியூசிலாந்து என்கிறார் இன்னொருவர். ஊரில் பிறந்தவர்களைக் கேட்டால் மன்னவனூர் என்றுதான் சொல்வார்கள். பாவம், அவர்களுக்கு ஊர் பெயர் மாறியது தெரியாது!

வெள்ளிக்கிழமை ராத்திரி சென்னையிலும் பெங்களூரிலும் கொச்சியிலும் கார்கள் கிளம்புகின்றன. சனிக்கிழமை காலை வத்தலகுண்டில் டீ. மதியம் கொடைக்கானலில் நெரிசல். சாயங்காலம் மன்னவனூர் புல்வெளி. ஆட்டோடு ஒரு படம், முயலோடு ஒரு படம், ஏரியில் பரிசலில் உட்கார்ந்து ஒரு படம். ஞாயிறு மதியம் இறங்கியாக வேண்டும், திங்கட்கிழமை வேலை இருக்கிறதே. ஊரில் இருந்தது மொத்தம் ஒரு ராத்திரி. அதிலும் பாதி கூடாரத்துக்கு வெளியே பாட்டுப் போட்டுக் கழிந்தது.

உழைக்கிறவர்கள் இரண்டு நாள் சந்தோஷமாக இருந்துவிட்டுப் போகட்டுமே, இதில் என்ன தப்பு என்று கேட்கலாம். சந்தோஷத்தில் தப்பில்லை. அதன் கணக்கை எழுதுகிற விதத்தில்தான் தப்பு. வரவு ஒருவர் பேரேட்டில், செலவு இன்னொருவர் பேரேட்டில் என்று எழுதினால் எந்த வியாபாரமும் லாபமாகத்தான் தெரியும். மன்னவனூர் வார இறுதி அப்படிப்பட்ட வியாபாரம்.

முதலில் விளம்பரத்தைப் பார்ப்போம். "கொடைக்கானலில் ஒரே கூட்டம், மன்னவனூர் போங்க, யாருமே இல்லை." இதை 1 ஆள் 10 பேரிடம் சொன்னால் அது யோசனை. லட்சம் பேர் பார்க்கிற வீடியோவில் சொன்னால் அது கூட்டத்துக்கு வழிகாட்டுகிற பலகை. கூட்டமில்லாத இடம் என்று விற்கப்படும் இடம், விற்ற அன்றைக்கே கூட்டமான இடமாக மாற ஆரம்பித்துவிடுகிறது. கொடைக்கானலுக்கு இது ஏற்கெனவே நடந்து முடிந்த கதை. 2024ல் ஒரு மலையாளப் படம் ஓடியது, குணா குகையைப் பார்க்க ஜனம் வரிசை கட்டி நின்றது. அடுத்த படம் மேல்மலையில் எடுக்கப்பட்டால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

கூட்டம் எல்லை மீறிப் போனதால்தான் சென்னை உயர் நீதிமன்றம் தலையிட்டது. 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கும் நீலகிரிக்கும் இ-பாஸ் கட்டாயம் ஆனது. 2025 கோடையில் ஒருபடி மேலே போய், கொடைக்கானலுக்கு வார நாட்களில் 4,000 வாகனம், வார இறுதியில் 6,000 வாகனம் என்று உச்சவரம்பு வைத்தார்கள். நல்ல காரியம். ஆனால் அந்தக் கணக்கு கொடைக்கானல் வாசலில் எடுக்கப்படுகிறது. உள்ளே நுழைந்த கார் ஏரியைச் சுற்றுகிறதா, பூம்பாறைக்குப் போகிறதா, மன்னவனூர் வரை போகிறதா என்று யாரும் எண்ணுவதில்லை. 6,000 வண்டியைத் தாங்க கொடைக்கானலே திணறுகிறது. அதில் பத்தில் ஒரு பங்கு மேல்மலைச் சாலையில் ஏறினால்? அதே சாலையில்தான் கேரட் லாரி இறங்க வேண்டும், அரசு பஸ் ஏற வேண்டும். பிரசவ வலி எடுத்த பெண்ணைக் கொடைக்கானல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற ஆம்புலன்ஸும் அதே சாலையில்தான் போக வேண்டும்.

அடுத்தது, அந்த சுவிட்சர்லாந்து பட்டம். ஒரு ஊருக்கு வெளிநாட்டுப் பெயர் வைப்பது பாராட்டு மாதிரி தெரியும். உண்மையில் அது ஊரைப் பார்க்காமல் இருப்பதற்கு வழி.

படத்தில் விழுகிற அந்த ஆடுகளையே எடுத்துக்கொள்வோம். அவை புல்வெளிக்கு அழகு சேர்க்க வந்தவை அல்ல. மத்திய செம்மறியாடு மற்றும் கம்பளி ஆராய்ச்சி நிறுவனத்தின் தென்மண்டல மையம் மன்னவனூரில் 1965ல் தொடங்கப்பட்டது. தலைமை நிறுவனம் இருப்பது ராஜஸ்தானின் அவிகாநகரில். அங்கே சோக்லா, நாலி, மால்புரா போன்ற நாட்டு ஆடுகளை மெரினோ, ராம்பூலே என்ற வெளிநாட்டு இனங்களோடு கலந்து உருவாக்கியதுதான் பாரத் மெரினோ. பாலைவன மாநிலத்தில் உருவான ஆடு, பழனி மலைக் குளிரில் நல்ல கம்பளி தருகிறது. தமிழ்நாட்டில் இப்படி ஒரு காரியம் நடப்பது எத்தனை பேருக்குத் தெரியும்? ஆட்டுக்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்தவருக்காவது தெரிய வேண்டாமா?

பூண்டும் அப்படித்தான். கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019ல் புவிசார் குறியீடு கிடைத்தது. மேல்மலைக்காரர்கள் புகை மூட்டம் போட்டுப் பக்குவப்படுத்தி மாதக்கணக்கில் கெடாமல் வைத்திருக்கிற சரக்கு. விளைந்தது பெரியகுளம் பக்கம் வடுகபட்டி சந்தைக்கு இறங்குகிறது. விலையை அங்கே வியாபாரி சொல்கிறார், விளைவித்தவர் கேட்டுக்கொள்கிறார். பூண்டு வயலுக்கு நடுவில் நின்று வீடியோ எடுப்பவர் ஊருக்குத் திரும்பி, தன் தெருக் கடையில் பூண்டு வாங்குவார். புவிசார் குறியீடு யாருக்குப் பிரயோஜனம்?

இனி புல்வெளி. அதை வெறும் இடம் என்று நினைப்பதில் வெள்ளைக்காரனுக்கும் வார இறுதிக்காரருக்கும் ஒற்றுமை இருக்கிறது. பழனி மலையின் இயற்கை என்பது சோலைக் காடும் புல்வெளியும் சேர்ந்தது. மரம் இல்லாத நிலம் தரிசு என்று முடிவு கட்டி, வெள்ளைக்காரன் காலத்திலும் அதற்குப் பிறகும் சீகை, பைன், யூகலிப்டஸ் நட்டார்கள். 2018ல் வெளியான ஒரு ஆய்வு, நாற்பது ஆண்டுகளில் பழனி மலைப் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது என்று செயற்கைக்கோள் படங்களை வைத்துச் சொன்னது. காரணம் மரத் தோட்டங்களும் விவசாயமும். அதாவது உள்ளூர்க்காரர்களுக்கும் இதில் பங்கு உண்டு, அதை மறைக்க வேண்டாம். ஆனால் மழையைப் பிடித்து வைத்து, வடக்கே அமராவதிக்கும் தெற்கே வைகைக்கும் கொஞ்சம் கொஞ்சமாக விடுகிற நிலம் அது. மிச்சம் இருக்கிற ஒரு பங்கின் மேல் காரை ஏற்றி நிறுத்தி, கூடாரம் அடித்து, கேம்ப் ஃபயர் போடுவதற்குப் பெயர் இயற்கை ரசனையா?

இதையாவது அறியாமை என்று விட்டுவிடலாம். காளானைத் தேடி வருகிற கூட்டத்தை என்ன சொல்வது? மேல்மலைக் கிராமமான குண்டுப்பட்டி பக்கம் 2020 பிப்ரவரியில் ஒரு தனியார் தோட்டத்தில் நடந்த போதை விருந்தைப் போலீஸ் மடக்கியபோது 200க்கும் மேற்பட்ட இளைஞர்கள் பிடிபட்டார்கள். அவர்கள் ஊர் திரும்பிவிட்டார்கள். கெட்ட பெயர் மட்டும் மலையிலேயே தங்கிவிட்டது.

"சுற்றுலா வந்தால் ஊருக்குக் காசு வருமே!" இதுதான் கடைசியில் எல்லோரும் எடுக்கிற ஆயுதம். வரட்டும், கணக்குப் பார்ப்போம். பெட்ரோல் போட்டது சமவெளியில். அறைக்குப் பணம் கட்டியது செயலி வழியாக, அதில் கமிஷன் நகரத்துக்கு. சிப்ஸும் குளிர்பானமும் வரும் வழியில் வாங்கியாயிற்று. வாகன நுழைவுக் கட்டணம் வாங்குவது கொடைக்கானல் நகராட்சி. மன்னவனூர் நகராட்சிக்குள் இல்லை, அது தனி ஊராட்சி. கடைசியில் ஊர்க்காரர் கைக்கு வருவது டீ, ஆம்லெட், அவித்த சோளம், நாலு கேரட். சிலருக்கு ஜீப் வாடகை, சிலருக்கு அறை வாடகை. அது பொய்யில்லை, அந்தக் குடும்பங்களுக்கு அது பெரிய காசுதான். ஆனால் குப்பையை அள்ளுவது, தண்ணீர் கொடுப்பது, உடைந்த சாலையைச் சகிப்பது எல்லாம் ஊர் முழுக்கச் செய்கிறது. டீக்கடை இல்லாதவரும் செய்கிறார். தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப்போடும் பிளாஸ்டிக்குக்கு 2019 ஜனவரி 1 முதலே தடை. அப்புறமும் ஞாயிறு சாயங்காலம் புல்லுக்குள் பாட்டில் கிடக்கிறது என்றால் போட்டது ஆடு இல்லையே!

அதற்காக யாரும் வராதீர்கள் என்று சாலையை மூடச் சொல்லவில்லை. செய்ய வேண்டியது இவ்வளவுதான்.

மேல்மலைக்கு ஏறுகிற வண்டிகளைத் தனியாக எண்ண வேண்டும், அந்தச் சாலை தாங்குகிற அளவுக்குத் தனி உச்சவரம்பு வைக்க வேண்டும். நுழைவுக் கட்டணத்திலும், மன்னவனூரில் வனத்துறை வாங்கும் கட்டணத்திலும் ஒரு பங்கு நேராக ஊராட்சிக்குப் போக வேண்டும், அது எவ்வளவு என்று ஊர் நடுவில் பலகையில் எழுதிப் போட வேண்டும். மலைப்பூண்டை விளைவித்தவரே குறியீட்டு முத்திரையோடு விற்க மன்னவனூரிலேயே ஒரு கடை வேண்டும். ஜிப்லைன் அமைக்கத் தெரிந்த அரசுக்கு ஒரு பூண்டுக் கடை போடத் தெரியாதா?

வருகிறவர்களுக்கும் வேலை இருக்கிறது. முடிந்தால் கொடைக்கானலில் காரை விட்டுவிட்டு பஸ்ஸில் ஏறலாம். சனி, ஞாயிறுக்குப் பதில் செவ்வாய், புதன் வரலாம். ஊர்க்காரர் வீட்டில் தங்கி, அவர்கள் சமைத்ததைச் சாப்பிடலாம். கொண்டுவந்த குப்பையைக் கொண்டுபோகலாம். போகும்போது 2 கிலோ பூண்டு வாங்கலாம், பேரம் பேசாமல். கூட்டமில்லாத ரகசிய இடம் என்று வீடியோ போடாமல் இருந்தால் புண்ணியம்.

இத்தனையும் தொல்லையாக இருக்கிறதா? அப்படியானால் நிஜ சுவிட்சர்லாந்துக்கே போகலாம். அங்கே புல்வெளியில் காரை ஏற்றினால் என்ன நடக்கிறது என்று பார்த்துவிட்டு வந்து சொல்லலாம்.