வரைபடத்தில் இடம்பெறாதவர்

கலை என்றதும் சிற்பத்தையும் ஓவியத்தையும் எண்ணும் நாம், போர்க்கள வரைபடத்தை அவ்வரிசையில் வைப்பதில்லை. அது பயன் கருதி எழுந்தது. கலையோ களிப்புக்குரியது என்பது பொதுவான எண்ணம். இவ்வெண்ணம் ஏற்புடையதன்று. கையால் வரையப்பட்ட கடற்போர்ப் படம் ஒன்றே இதற்குச் சான்று பகரும்.

1941 டிசம்பர் 7ஆம் நாள், ஹவாயிலுள்ள பேர்ல் துறைமுகத்தில் நின்ற அமெரிக்கப் போர்க்கப்பல்களை ஜப்பானிய விமானங்கள் தாக்கின. அவற்றுக்குத் தலைமை தாங்கிச் சென்றவர் மிட்சுவோ புச்சிடா என்னும் கடற்படை அதிகாரி. துறைமுகத்தின் மேல் வட்டமிட்டுச் சேதத்தைக் கண்டு திரும்பிய அவர், மையும் வண்ணமும் கொண்டு ஒரு படம் வரைந்தார். டிசம்பர் 26ஆம் நாள் அதனைக் கொண்டே பேரரசர் ஹிரோஹிட்டோவுக்குத் தாக்குதலின் விளைவு விளக்கப்பட்டது. அப்படம் 2018இல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தை வந்தடைந்தது.

வானிலிருந்து பறவை நோக்குவது போன்ற பார்வை. வரிசையாக நிற்கும் கப்பல்களின் வடிவங்கள். குண்டு வீழ்ந்த இடத்திற்கும் டார்பிடோ பாய்ந்த திசைக்கும் தனித்தனிக் குறிகள். பெருங்குழப்பம் நிறைந்த ஒரு காலைப்பொழுது, ஒரே தாளில் ஒழுங்கும் அமைதியும் பெற்றுவிடுகிறது. எதனைக் கொள்வது, எதனைத் தள்ளுவது எனத் தேர்வதே கலைஞனின் தொழில். அத்தொழில் இங்கே செம்மையாக நிகழ்ந்துள்ளது. ஆகவே இதனைக் கலை என்று கூறத் தயங்க வேண்டுவதில்லை.

ஆனால், கலை என்று ஏற்றுக்கொண்ட பின்னர்க் கேட்க வேண்டிய வினா ஒன்று உண்டு. இக்கலை எதனைத் தள்ளியது?

கப்பல்களின் சேதத்தை மதிப்பிட எழுந்த இப்படத்தில் மனிதர் இல்லை. அன்று அமெரிக்கர் 2,403 பேர் மாண்டனர். அவருள் 1,177 பேர் அரிசோனா என்னும் ஒரே கப்பலைச் சேர்ந்தவர். தாக்க வந்த ஜப்பானியருள்ளும் அறுபதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். களத்தில் மகனைத் தேடும் தாயைப் புறப்பாடல்களில் கண்டு பழகிய நமக்கு இவ்வெறுமை உறுத்தாமல் இராது.

அங்கு நின்ற எட்டுப் பெரும் போர்க்கப்பல்களுள் நான்கு மூழ்கின. எனினும் எட்டனுள் ஆறு செப்பனிடப்பெற்று மீண்டும் கடலேறின. மூழ்கிய வெஸ்ட் வர்ஜீனியா, 1945 செப்டம்பர் 2ஆம் நாள் ஜப்பான் சரணடைந்தபோது டோக்கியோ விரிகுடாவிலேயே நின்றது. மீளக்கூடியதை எண்ணி வரைந்த கை, மீளாததை விட்டுவிட்டது.

அந்த வெஸ்ட் வர்ஜீனியாவை 1942இல் மீட்டபோது, காற்றடைந்த அறையொன்றில் மூன்று மாலுமிகளின் உடல்கள் கிடைத்தன. அருகே ஒரு நாட்காட்டி. அதில் டிசம்பர் 23 வரை நாட்கள் அடிக்கப்பட்டிருந்தன. மேலே வெற்றியின் கணக்கு எழுதப்பட்ட நாட்களில், கீழே இருளில் மூவர் உயிரோடு நாளெண்ணிக் கொண்டிருந்தனர். அதுவும் கையால் இட்ட குறியே; அதுவும் அப்போரின் படமே.

ஒரு தாளைக் கண்டு வியப்பவர் மற்றதையும் அதனருகே வைத்துப் பார்த்தல் வேண்டும். போர்ப்படங்களின் அழகைச் சுவைக்கக் கற்கும் மாணவர், அவ்வழகு மறைத்தவரைத் தேடவும் கற்பாராக. அத்தேடலில்தான் சுவை அறமாக முதிர்கின்றது.