நாரி நோவும் நாட்டாமைமாரின் சுமையும்

புறக்கோட்டை நான்காம் குறுக்குத் தெருவில் 50 கிலோ மூடையை முதுகில் ஏற்றிச் செல்லும் நாட்டாமைத் தொழிலாளரைக் காணாதவர் நம்மில் அரிது. சுமைக்கு இவ்வளவு என்று கூலி பெறும் இவர்களில் பலருக்குச் சேமலாப நிதியும் இல்லை, சம்பளத்துடனான சுகவீன விடுமுறையும் இல்லை. நாரி பிடித்துக்கொண்டால் அன்றைய வருமானம் போய்விடுகின்றது.

இத்தகைய ஒருவர் கடன்பட்டு எம்.ஆர்.ஐ. பரிசோதனை செய்கின்றார். அறிக்கையில் ‘டிஸ்க் தேய்வு’ என்றிருந்தால், தமது முதுகு முடிந்துவிட்டதென்றே அவர் எண்ணிக்கொள்கின்றார். இந்த அச்சம் பெரும்பாலும் தேவையற்றது. முள்ளந்தண்டு என்புகளுக்கிடையே மெத்தைபோல் அமைந்த தட்டுகள் வயது ஏற ஏற நீரை இழந்து மெலிகின்றன. நோவே இல்லாதவர்களின் படங்களைப் பற்றி 2015 இல் வெளியான தொகுப்பாய்வொன்று, 20 வயதினரில் 37 சதவீதமானோரிடமும் 80 வயதினரில் 96 சதவீதமானோரிடமும் இத்தேய்வு காணப்படுவதாக மதிப்பிட்டது. கால் வலுவிழத்தல், சிறுநீர் மலத்தைக் கட்டுப்படுத்த இயலாமை, தொடையிடுக்கில் விறைப்பு, காய்ச்சலுடன் கூடிய நோவு என்பன வேறு விடயம். இவற்றுக்குத் தாமதமின்றி வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும்.

2020 இல் உலகில் 61 கோடியே 90 இலட்சம் பேர் நாரி நோவுடன் வாழ்ந்தனர். தொழில்சார் காரணிகள், புகைத்தல், உடற்பருமன் ஆகியன இதற்கான ஏதுக்களாக இனங்காணப்பட்டுள்ளன. குறிப்பிட்ட நோயெதுவும் காரணமாக அமையாத நாட்பட்ட நாரி நோவு குறித்து உலக சுகாதார ஸ்தாபனம் 2023 டிசம்பரில் வழிகாட்டலொன்றை வெளியிட்டது. உடற்பயிற்சி, நோவு பற்றிய விளக்கம், உளச் சிகிச்சை முதலியவற்றைப் பரிந்துரைத்த அது, நம்மவர் பெரிதும் நம்பும் இடுப்புப் பட்டியையும் இழுவைச் சிகிச்சையையும் வழமையான சிகிச்சையாகக் கொள்ள வேண்டாமென்றது.

அறிவுரை சரியானதே. ஆனால் படுத்துக் கிடக்காமல் இயங்குங்கள் என்று நாட்டாமையிடம் கூறினால், அவருக்குத் தெரிந்த இயக்கம் மீண்டும் அதே மூடைதான். ஆகவே காலையில் நோவு மாத்திரையொன்றை விழுங்கிவிட்டுச் சுமக்கச் செல்கின்றார். வைத்திய ஆலோசனையின்றி நீண்டகாலம் உட்கொள்ளப்படும் இம்மாத்திரைகள் இரைப்பையையும் சிறுநீரகத்தையும் பாதிக்கக்கூடியவை.

வளர்ந்த ஆண் ஒருவர் சுமக்கும் பாரம் 55 கிலோவுக்கு மேற்படலாகாதென சர்வதேச தொழில் ஸ்தாபனம் 1967 இலேயே பரிந்துரைத்தது. மூடையின் எடை அந்த எல்லைக்குள் இருந்தாலும், ஒரு நாளில் எத்தனை தடவை என்பதை யார் எண்ணுகின்றனர்? நமது நாட்டில் 1934 ஆம் ஆண்டின் வேலையாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் உள்ளது. விழுந்து முறிந்த காலுக்கு அதன்வழி நட்டஈடு கோரலாம். ஆண்டுக்கணக்காகக் கூடிவந்த முதுகு நோவுக்கு, அதுவும் கடைக்குக் கடை மாறிச் சுமப்பவருக்கு, பொறுப்பேற்கும் முதலாளி யார்?

எமது வாசகர்களில் அத்தெருவில் வியாபாரம் செய்வோர் பலர். சட்டம் வரும்வரை அவர்கள் காத்திருக்க வேண்டியதில்லை. லொறியிலிருந்து களஞ்சியம்வரை சில்லுவண்டி, படிக்குப் பதில் சாய்தளம், நோவு கண்டவருக்குச் சில வாரங்களேனும் நிறுப்பது, கணக்கெழுதுவது போன்ற இலகு வேலை ஆகியவற்றை வர்த்தக சங்கங்கள் தமக்குள் பேசி ஏற்பாடு செய்யலாம்.