இலகு என்ற பெயரில் இறக்கி வைக்கப்படும் தமிழ்

தரவுத்தளத்தைக் கையாளச் சுட்டியும் சாளரங்களும் தேவையில்லை, டெர்மினலில் நான்கு கட்டளைகள் போதும் என்னும் கட்சி கணினித் துறைகளில் மீண்டும் வலுத்து வருகிறது. கட்சி சரியானதே. ரிச்சர்ட் ஹிப் 2000இல் வெளியிட்ட எஸ்கியூலைட் அதற்குச் சான்று. போர்க்கப்பல் ஒன்றுக்கான பணியில், தனி வழங்கியும் நிர்வாகியும் இன்றி இயங்கும் தரவுத்தளம் வேண்டும் என்ற தேவையிலிருந்து பிறந்தது அது. தரவுத்தளம் முழுவதும் ஒரே கோப்பு. அதைத் திறக்க ஒரு சிறு கட்டளை நிரல். பழைய கணினிகளை வைத்துக்கொண்டு காலம் தள்ளும் சித்தூர், தேவிகுளம், பீர்மேடு வட்டாரக் கல்விக்கூடங்களுக்கு இதைவிட ஏற்றது அரிது. கேரளப் பள்ளிகள் கட்டற்ற மென்பொருளுக்கு எப்போதோ மாறிவிட்டமையால் அங்குள்ள மாணவர்க்கு லினக்சும் புதிதன்று.

ஆயினும் இத்தகைய கருவிகளைத் திட்டப்பணியாகச் செய்வோர் 'இலகு' என்பதற்குக் கொள்ளும் பொருள் ஐயத்துக்குரியது. எதை இறக்கி வைத்து இலகுவாகிறார்கள்?

மலம்புழை, மறையூர் என்னும் இரு பெயர்களை எஸ்கியூலைட்டில் இட்டு அகரவரிசை கேட்டால் மறையூர் முதலில் வரும். ஒருங்குறியில் றகரம் லகரத்துக்கு முன் நிற்கிறது. கருவியோ பைட்டுகளை மட்டுமே ஒப்பிடுகிறது. சிதம்பரம் சித்தூரை முந்தும், ஏனெனில் புள்ளிக்குரிய குறியீடு உயிர்மெய்க் குறிகளுக்கெல்லாம் பின்னால் வைக்கப்பட்டுள்ளது. பாலக்காடு என்பதன் நீளத்தைக் கேட்டால் ஒன்பது என விடை வரும்; தமிழ் படித்த எவரும் ஐந்து என்பர். கொழிஞ்சாம்பாறையின் முதலெழுத்து நிலை இன்னும் மோசம். ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், கொம்பும் காலுமாகப் பிரித்தும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றே. தேடலில் ஒன்று மற்றொன்றைக் காணாது. இத்தனைக்கும் மேல், டெர்மினலின் கட்டங்களில் தமிழ் ஒழுங்காக அமராமல் அட்டவணையின் நெடுக்குக் கோடுகள் கோணுகின்றன.

இவற்றைச் சுட்டினால் இரண்டு மறுமொழிகள் தயாராக உள்ளன. ஒருங்குறிக்கான முழு நூலகத்தைச் சேர்த்தால் கருவி பருத்துவிடும் என்பது முதலாவது. உலக மொழிகள் அனைத்தையும் சுமக்கும் நூலகம் பருமனானதுதான். அதை யாரும் கேட்கவில்லை. அகரம் முதல் னகரம் வரை முப்பது எழுத்து எனத் தொல்காப்பியம் வரையறுத்த மொழி இது. ஆய்தத்தையும் கிரந்த எழுத்துகளையும் சேர்த்தாலும் வரிசை அட்டவணை ஒரு பக்கத்தைத் தாண்டாது. பயனர் தாமே ஒப்பீட்டு விதி எழுதிச் சேர்க்க எஸ்கியூலைட் வழி தருகிறது. பைத்தானில் சில பத்து வரிகளுக்குள் முடியும் வேலை. சேமிக்கும் முன் எழுத்துருக்களை ஒருமைப்படுத்துவதற்குப் பைத்தானிலேயே ஆயத்தமான செயற்கூறு உண்டு. நெடுக்குக் கோடு மட்டுமே உண்மையில் கடினமான சிக்கல். டெர்மினலுக்கு டெர்மினல் அது வேறுபடும் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

பெயர்களை ஆங்கில எழுத்தில் இட்டால் தீர்ந்தது என்பது இரண்டாவது மறுமொழி. இதைச் சொல்வோர் மூணாற்றுத் தோட்டக் குடியிருப்பு ஒன்றின் பெயர்ப்பட்டியலை மனத்தில் எண்ணிப் பார்க்கட்டும். வள்ளியும் வல்லியும் ஆங்கில எழுத்தில் ஒருத்தியாகிவிடுவர். 1956 மாநிலச் சீரமைப்புக்குப் பின் கேரளத்தில் நின்றுவிட்ட தமிழர்க்கு, பெயர் சரியாகப் பதிவாவது இலக்கணப் பொழுதுபோக்கு அன்று. சான்றிதழும் உதவித்தொகையும் அதைப் பற்றி நிற்பவை. தமிழ்ச் சிறுபான்மையினர் அரசுக்குத் தமிழிலேயே எழுதலாம் எனக் கேரள ஆட்சிமொழிச் சட்டம் 1969இலேயே வழி செய்தது. தமிழில் எழுதிய பெயரைத் தமிழில் தேடிக் காண முடியாத தரவுத்தளத்தின் முன் அவ்வுரிமை பாதியாய்க் குறையும்.

ஆகவே கருவியின் எடையை மெகாபைட்டில் மட்டும் அளந்து மதிப்பெண் இடும் வழக்கம் மாற வேண்டும். தமிழை விட்டுவிட்டதால் குறைந்த எடை எங்கும் மறைந்துவிடவில்லை. பட்டியலைக் கையால் திருத்தி அடுக்கும் எழுத்தரின் தோளில் அது ஏறியிருக்கிறது. திட்டப்பணியை மதிப்பிடும் ஆசிரியர் மலம்புழையையும் மறையூரையும் உள்ளிட்டுப் பார்க்க இரண்டு நிமிடம் போதும்.